கயிறு காத்திருக்கும், குழாய் காத்திருக்காது

பணி ஓய்வு பெற்ற எலும்பு டாக்டருக்கு இரண்டு தொல்லைகள் உண்டு. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து முதல் வாய் எடுக்கும்போது பக்கத்து இலைக்காரர் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கி, “இங்கதான் சார், கடக்கு கடக்குங்குது” என்பார். அதைக்கூடச் சாம்பார் வருவதற்குள் பார்த்துச் சொல்லிவிடலாம். மற்றது வாட்ஸ்அப்.

ஐம்பத்தெட்டு முடிந்ததும் எங்கள் டிரஸ்ட் மருத்துவமனை எனக்குச் சால்வை போர்த்தி வீட்டுக்கு அனுப்பியது. திண்டுக்கல்லுக்கு வெளியே இருக்கும் சின்ன மருத்துவமனை. பெயர் வேண்டாம், இனி நான் சொல்லப்போவதில் என் மானம் போகும், அவர்களுடையது போக வேண்டியதில்லை. என் இடத்துக்கு வந்திருக்கும் டாக்டர் கார்த்திகா போன வாரம் குரல் செய்தி அனுப்பியிருந்தார்.

“சார், மூணு நாலு லிகமென்ட் ஒண்ணாப் போயி, முட்டியே நழுவி வர்ற கேஸ்ல எப்ப சார் ஆபரேஷன் பண்றது? அன்னிக்கேவா, மூணு வாரத்துக்குள்ளயா, ஆற விட்டா? ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொண்ணு சொல்லுது. நீங்க ஒரே வரியில சொல்லிருங்க.”

ஒரே வரியில் சொல்ல என்னிடம் சரக்கு இல்லை. இரண்டு முட்டிகளின் கதை இருக்கிறது. அவற்றில் ஒன்றை அவசரப்பட்டுக் கெடுத்தேன். மற்றதைப் பொறுமையாகக் கெடுக்கப் பார்த்தேன்.

மருத்துவம் படித்தது, மதுரையில் எலும்புத் துறைக்கு வந்தது, ராத்தூக்கம் கெட்டது எல்லாம் எல்லா டாக்டரும் சொல்லும் கதைதான், விட்டுவிடுகிறேன். எலும்பைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் மட்டும் சொல்லலாம். இதயம், மூளை என்றால் எனக்கு உதறல். எலும்பு நின்று நிதானமாக உடையும், படத்தில் தெளிவாகத் தெரியும், சுத்தியலும் ஆணியும் போதும் என்று நினைத்தேன். முட்டிக்குப் பின்னால் ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது என்பதைப் பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்திருந்தேன்.

முதல் முட்டி நத்தம் பக்கத்துக் கபடிக்காரர் ஒருவருடையது. அப்போது வேறொரு மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். எலும்பை எலும்போடு கட்டிவைக்கும் கயிறான லிகமென்ட் மூன்று அறுந்து, முட்டி தேங்காய் போல வீங்கி வந்தார். இரண்டாம் நாளே திறந்துவிட்டேன். அறுந்த கயிற்றைச் சூட்டோடு சூடாகத் தைத்தால் நன்றாக ஒட்டும் என்பது என் வாதம். உண்மையான காரணம் வேறு: ஆள் நழுவி வேறு டாக்டரிடம் போய்விடுவாரோ என்ற பயம். வீங்கிய சதைக்குள் எது கயிறு, எது கிழிசல் என்றே தெரியவில்லை. எப்படியோ தைத்து மூடினேன். மூன்று மாதம் கழித்து வந்தவர் பலகை போலக் காலை நீட்டிக்கொண்டு நின்றார்.

“கால் நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு சார். மடங்கத்தான் மாட்டேங்குது.”

மயக்கம் கொடுத்து மடக்கிவிட்டதில் நாற்காலியில் உட்காரும் அளவுக்கு வந்தது. கபடி போய், நடுவராகிவிட்டார். ஊதலை என்னைப் பார்த்து ஊதுவது போலவே எனக்குக் கனவு வரும். அன்றிலிருந்து ஒரு பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டேன்: வீங்கிய முட்டியில் கை வைக்காதே, பொறு. பாதிப் பாடம்தான் அது. எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது முட்டிக்கு வருமுன் எங்கள் டிரஸ்ட் மருத்துவமனையின் பெரிய டாக்டர் ஞானதுரையைச் சொல்லியாக வேண்டும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். குரலை உயர்த்த மாட்டார். அவருடைய கோபத்தை மரியாதையால்தான் அளக்க வேண்டும். ‘நீ’ என்றால் பிரியமாக இருக்கிறார். ‘நீங்க’ என்றால் எங்கோ இடிக்கிறது. ‘டாக்டர் அவர்களே’ என்றால் பக்கத்தில் இருக்கும் நர்ஸ்கூட மெதுவாக வெளியே போய்விடுவார்.

அவர் ஒரு தாள் வைத்திருந்தார். முட்டியில் பெரிய அடிபட்டு யார் வந்தாலும் கட்டில் காலில் அது தொங்கும். அரை மணிக்கு ஒரு முறை பாதத்தில் நாடி பார்க்க வேண்டும். ‘இருக்கிறது’ என்று எழுதினால் செல்லாது. நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணி எழுத வேண்டும். பக்கத்துக் கட்டத்தில் அதே நேரம் மணிக்கட்டில் எண்ணியது. பாதத்தில் நாடி கிடைத்த இடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறியும் போட வேண்டும். “இது ஆஸ்பத்திரியா, ரேஷன் கடையா?” என்று நான் கேலி செய்திருக்கிறேன். கேட்டுவிட்டுச் சிரித்தவனும் நான் ஒருவன்தான்.

ஒரு தை மாதக் காலை. பெரிய டாக்டர் ஆயக்குடியில் ஒரு நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஏழு மணிக்கு லூர்து மேரியை ஒரு வேனில் கொண்டுவந்தார்கள். நாற்பது வயதிருக்கும். எரியோடு பக்கத்தில் பூந்தோட்டம். பூ மூட்டையை மொபெட்டில் வைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு வரும் வழியில் நாய் குறுக்கே வந்து, வண்டியோடு சாய்ந்திருக்கிறார். வலது கால் பள்ளத்தில் மாட்டிக்கொள்ள, வண்டி முட்டியின் மேல். விழுந்தபோது மணி ஆறு.

கணவர் அந்தோணி பின்னால் இன்னொரு வண்டியில் வந்தவர். நடந்ததைப் பெருமையோடு சொன்னார்.

“முட்டி ஒரு பக்கம், காலு ஒரு பக்கமாக் கிடந்துச்சு சார். நான்தான் பாதத்தப் பிடிச்சு ஒரு இழு இழுத்தேன். டொக்குன்னு உள்ள போயிருச்சு. இப்ப பாருங்க, நேரா இருக்கு.”

நேராகத்தான் இருந்தது. படம் எடுத்ததில் எலும்பும் உடையவில்லை. தெரியாதவர் பார்த்தால் வெறும் வீங்கிய முட்டி. ஆனால் ‘டொக்’ என்ற அந்த ஒரு சொல் போதும், முட்டி நழுவித் திரும்பியிருக்கிறது.

முட்டி என்பது இரண்டு எலும்பு ஒன்றன்மேல் ஒன்று சும்மா உட்கார்ந்திருக்கும் ஏற்பாடு. உள்ளே குறுக்காக இரண்டு கயிறு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. இந்த நாலு லிகமென்ட்டும் இழுத்துப் பிடித்திருப்பதால்தான் மனிதன் நிற்கிறான். மூன்று அறுந்தால் மூட்டு இடம் மாறும். அதற்குப் பின்னால் காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் ஓடுகிறது. மேலேயும் கீழேயும் அது இறுகப் பிடிபட்டிருப்பதால், எலும்பு நகரும்போது ஒதுங்கி நிற்க அதற்கு இடமில்லை. அறுந்து போகலாம். அறாமலே உட்பக்கம் கிழிந்து அடைத்தும் கொள்ளலாம். அடைத்தால் ஆறு மணி நேரத்துக்குள் திறந்தாக வேண்டும். அதற்குமேல் போனால் கால் நமக்கில்லை.

பாதத்தில் விரல் வைத்தேன். ஒன்றும் இல்லை. நகர்த்தி வைத்தேன். இல்லை. எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. நூற்றுக்கணக்கான இடுப்பெலும்பைச் சேர்த்தவன். அந்த நிமிடம் சட்டைக்குள் வேர்வை ஆறாக ஓடியது. காது அடைத்தது. ரத்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்கச் சின்னக் கருவி ஒன்று உண்டு. எடுத்துப் பார்த்தால் பேட்டரி செத்திருந்தது. மறுபடி விரலை வைத்து அழுத்தினேன். இன்னும் அழுத்தினேன். ஆஹா! டப், டப், டப் என்று என்ன அருமையான துடிப்பு! அந்தோணியாரே, மாரியாத்தா என்று எல்லாச் சாமிக்கும் ஒரே மூச்சில் நன்றி சொன்னேன். பெருக்கல் குறி போட்டேன். கடிகாரத்தைப் பார்த்து எண்ணி, தாளில் எழுதினேன்: நூற்றிருபத்தாறு.

பாதம் கொஞ்சம் குளிர்ந்துதான் இருந்தது. தைப் பனி ஈரத்தில் கிடந்த கால் குளிராமல் என்ன செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். இடது காலும் அதே தைப் பனியில்தான் கிடந்தது. அது கதகதப்பாக இருந்ததை நான் கண்டுகொள்ளவில்லை. வீங்கிய முட்டி, பொறு, பத்து நாளில் வீக்கம் வடியட்டும், பிறகு லிகமென்ட்டைப் பார்க்கலாம் என்று கபடிக்காரரின் பாடத்தைக் கணீரென்று அந்தோணிக்கு ஒப்பித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

பாதி டீயில் நர்ஸ் ஜெயராணி தாளோடு வந்து நின்றார். இருபது வருடச் சர்வீஸ். என் கேலிக்கெல்லாம் பதில் கேலி வைத்திருப்பவர்.

“சார், இந்தம்மாவுக்குக் கையில எண்பத்தெட்டு. கால்ல நூத்தி இருபத்தாறு.”

“அதுக்கென்ன?”

“அதுக்கென்னவா? ஒரு ஆளுக்கு ரெண்டு இதயமா இருக்கு?”

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். ஜெயராணி தாளை மேஜையில் வைத்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் எண்ணினார்.

“நூத்தி இருபத்தெட்டு. அந்த நாடிக்குச் சொந்தக்காரர் கெடச்சிட்டாரு சார்.”

படபடப்பில் விரலை அழுத்த அழுத்த, என் விரல் நுனியில் என் நாடியே அடித்திருக்கிறது. அதைத்தான் லூர்து மேரியின் பாதத்தில் துடிப்பதாக எண்ணி, எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஓடினேன். ஜெயராணி எனக்கு முன்னால் ஓடி, ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை லூர்து மேரியின் கைவிரலில் மாட்டினார், எண் வந்தது. வலது காலின் பெருவிரலில் மாட்டினார், வெறும் கோடு. இடது காலில் எண் வந்தது. மறுபடி வலது. கோடு.

மணி ஏழே முக்கால். ஆறு மணி நேரத்தில் ஒன்றே முக்கால் போய்விட்டது. அதில் அரை மணி என் டீக்கும் என் பெருமூச்சுக்கும்.

ஆயக்குடிக்கு போன் அடித்தேன். எடுத்தார். பின்னால் மேளம்.

“சார், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்...”

கெட்டிமேளம். தாலி கட்டும் நேரம் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறேன். ‘தப்பு’ என்ற சொல்லோடு மண்டபமே அட்சதை போட்டது. அவர் வெளியே நடந்து வந்து, “இப்பச் சொல்லு” என்றார். சொன்னேன். எதையும் மறைக்கவில்லை, மறைக்க மூச்சில்லை.

“டாக்டர் அவர்களே,” என்றார். “விழுந்தது எத்தனை மணி?”

“ஆறு.”

“மதுரைக்கு ஒரு மணி நேரம். ரத்தக்குழாய் டாக்டருக்கு நான் இங்கேருந்தே சொல்லிர்றேன். அங்க ஆபரேஷன் தியேட்டர் காலியா இருக்கும். நீங்க ஸ்கேன் சென்டர்ல நிறுத்தாதீங்க. படம் அவங்க எடுத்துக்குவாங்க. முட்டியை லேசா மடக்கி அட்டை வச்சுக் கட்டுங்க, இறுக்காதீங்க. நீங்களே கூடப் போங்க.”

“லிகமென்ட் எல்லாம் சார்?”

“கயிறு காத்திருக்கும். குழாய் காத்திருக்காது. கிளம்புங்க.”

எட்டுக்குக் கிளம்பினோம். ஆம்புலன்சில் லூர்து மேரியின் பாதத்தைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தேன். பாதம் மெழுகு நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. விரலை அசைக்கச் சொன்னேன். அசைத்தார், கொஞ்சமாக.

“சார், பூ மூட்டை ரோட்டுலயே கிடக்கு. செத்த நேரத்துல வாடிரும்.”

“உங்க வீட்டுக்காரர் பார்த்துக்குவாருமா.”

“அவரு எங்க பாப்பாரு, அவரே அழுதுக்கிட்டு வாராரு. நீங்க ஏன் சார் இம்புட்டு வேக்குறீங்க? அந்தக் கண்ணாடியத் தெறந்து விடுங்க. ஏ டிரைவரண்ணே, சாருக்குக் கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க.”

நோயாளி கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு ஒன்பது மணிக்கு மதுரை போய்ச் சேர்ந்தேன். ரத்தக்குழாய் டாக்டர் இடது காலிலிருந்து ஒரு நாளத்தை எடுத்து, கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட்டார். வீங்கி இறுகாமல் இருக்கக் கெண்டைக்கால் தசை உறையை நீளமாகத் திறந்துவிட்டார். முட்டி அசையாமல் நிற்க, வெளியே கம்பிச் சட்டம் மாட்டியது என் வேலை. பதினொன்றரைக்கு அவர் நிமிர்ந்து, “ஓட்டம் வந்துருச்சு. தொட்டுப் பாருங்க” என்றார்.

தொட்டேன். பிறகு மயக்க டாக்டரின் திரையில் ஓடும் எண்ணையும் பார்த்தேன். இரண்டும் ஒன்றாக இருந்தது. என்னுடையதைப் பார்க்கத் தைரியமில்லை.

மாலையில் அந்தோணி கேட்டார். “தெறந்தது தெறந்ததுதானே சார், அந்த ஜவ்வையும் ஒரே தடவையா முடிச்சிருக்கலாம்ல?” நியாயமான கேள்வி. எனக்கே கை அரித்தது. நேராக மதுரைக்கே வந்துவிட்ட பெரிய டாக்டர்தான் பதில் சொன்னார்.

“வெள்ளம் வடியாம வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பியாப்பா? கெண்டைக்கால் புண்ணு மூடணும். ஒட்டுப் போட்ட குழாய் நிலைக்கணும். அப்புறம் பாப்போம்.”

அந்த ‘அப்புறம்’ ஏழு வாரம். ஒவ்வொரு வாரமும் தேதி கேட்டேன். பெரிய டாக்டர் தேதி சொல்லவில்லை. முட்டியைப் பார்க்கச் சொன்னார். தோலில் சுருக்கம் விழுந்ததா? புண்கள் ஆறினவா? பாதத்தைத் தூக்க முடிகிறதா? நான்காவது வாரம் கம்பியைக் கழற்றி மெல்ல மடக்கப் பழக்கினோம். அறுந்த நாலில் உட்பக்கக் கயிறு தானாகவே ஒட்டியிருந்தது. பிறகு லூர்து மேரியிடம் அவர் கேட்ட கேள்வியை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

“இந்தக் காலுக்கு என்னென்ன வேலை இருக்கு, சொல்லுங்க.”

“என்ன சார் வேலை? வரப்புல நடக்கணும். குனிஞ்சு பூ எடுக்கணும். வண்டில உக்காந்தா ஒரு காலாவது தரையில ஊனணும். கோயில்ல முழங்கால் போட வேணாம், மாதாகிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

“கபடி?”

“அது வீட்டுக்குள்ளயே தெனமும் நடக்குது சார், அந்தோணிகூட. அதுக்குக் கால் வேணாம்.”

அதை வைத்து முடிவானது. உள்ளே பின்பக்கக் கயிறும் வெளிப்பக்கக் கயிறும் இல்லாமல் வரப்பில் கால் நிற்காது. அவை இரண்டும் புதிதாக வேண்டும். முன்பக்கக் கயிறு ஓடிக் குதித்துத் திரும்புபவர்களுக்கு அதிகம் தேவை, இப்போதைக்கு விட்டுவிடலாம்.

அந்த ஆபரேஷனை எங்கள் மருத்துவமனையிலேயே நான் செய்தேன். பெரிய டாக்டர் எதிர்ப்பக்கம் நின்றார். தொடையை இறுக்கி ரத்தத்தை நிறுத்தும் பட்டை கூடாது, ஒட்டுப் போட்ட குழாய் தாங்காது. ஆகவே கசிவைத் துடைத்துத் துடைத்து மெதுவாகப் போனோம். புதுக் கயிறு நுழைய, கீழெலும்பின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்குத் துளை போட வேண்டும். துளை வெளியே வரும் இடத்துக்கு ஒட்டினாற்போலத்தான் அந்தப் புதுக் குழாய். மெஷின் ஓடியது. எக்ஸ்ரே திரையில் நுனி நகர நகர, என் காது மறுபடி அடைக்கத் தொடங்கியது.

“நிறுத்து,” என்றார். “கடைசி விரலகலம் மெஷின் வேணாம். கையால திருகு.”

அவர் பின்பக்கம் ஒரு தட்டைக் கரண்டியை நுழைத்து, குழாய்க்கும் துளைக்கும் நடுவே காவல் வைத்தார். நான் மெஷினைக் கழற்றிவிட்டுக் கைப்பிடியை மாட்டினேன். கால்வாசிச் சுற்று. திரையைப் பார். கால் சுற்று.

“மூச்சு விடலாம். அதுக்கு இங்க யாரும் தடை போடல.”

விட்டேன். இன்னும் கால் சுற்று. அவர் கரண்டியில் ‘டிக்’ என்று இரும்பு தட்டியது. துளை முடிந்தது. ஜெயராணி பாதத்தையும் திரையையும் ஒரே நேரத்தில் எண்ணி உரக்கச் சொன்னார்: “எண்பது, எண்பது.” பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். என் நாடியை எண்ணவில்லை. இரக்கமுள்ளவர்.

ஆக, கார்த்திகா, நீங்கள் கேட்டதற்கு ஒரு தேதி என்னிடம் இல்லை. குழாய் அடைத்திருந்தால், எலும்பு வெளியே தெரிந்தால், மூட்டு உள்ளே போக மறுத்தால் அந்த நிமிடமே. மற்றபடி தோல் சொல்லும், வீக்கம் சொல்லும், அந்தக் காலுக்கு என்ன வேலை என்று காலின் சொந்தக்காரர் சொல்வார். கபடிக்காரரை மூன்றாவது வாரத்தில் செய்திருந்தால் அவர் இன்று நடுவராக ஊதிக்கொண்டிருக்க மாட்டார். லூர்து மேரியை மூன்றாவது வாரத்தில் தொட்டிருந்தால் கெட்டிருக்கும்.

ஒன்று பாக்கி இருந்தது. தாளில் ‘நூற்றிருபத்தாறு’ என்று எழுதியது யாருடைய நாடி என்பது லூர்து மேரிக்குத் தெரியாது. “சொல்லிரு,” என்றார் பெரிய டாக்டர், ‘நீ’யில்தான். லூர்து மேரி ஒவ்வொரு முறை வரும்போதும் சொல்ல நினைப்பேன். மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். வருடம் திரும்பி ஒரு நாள் அவரே மொபெட் ஓட்டிக்கொண்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார், முட்டி செங்கோணத்துக்கும் கொஞ்சம் மேலே மடங்கியது. கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அரை மணி நேரம் என்னால் வீணானதையும், கால் போயிருக்கக்கூடும் என்பதையும் சொன்னேன்.

அவர் வலது காலை நீட்டி, விரல்களை ஒருமுறை மடக்கி விரித்துப் பார்த்தார்.

“போயிருந்தா?”

“போயிருந்தா என் தப்புதாம்மா.”

“அப்ப ஏன் சார் இம்புட்டு நாள் சொல்லல?”

“பயம்.”

“அது அன்னிக்கே தெரியும். எங்க வீட்டுக்காரர்ட்ட சொன்னேன், டாக்டருக்கு வெரலு இப்பிடி நடுங்குதே, மொதல்ல அவரப் படுக்க வைங்கன்னு.” சிரித்தார். ஆனால் கண் சிரிக்கவில்லை. அந்தக் கடனை நான் இன்றும் கழித்துக்கொள்ளாமல் வைத்திருக்கிறேன். “கண்டுபிடிச்சது அந்த நர்ஸம்மாவா?”

“ஆமா.”

பையைத் திறந்தார். வாழையிலையில் சுற்றிய மல்லிகைச் சரம், நாலு முழமாவது இருக்கும். டாக்டருக்கென்று கொண்டுவந்தது போலத்தான் தெரிந்தது. நான் கையைக்கூட லேசாக நீட்டிவிட்டேன். அவர் எழுந்தார்.

“நர்ஸம்மா எந்த வார்டு சார்?”

“மாடியில. லிப்ட் இருக்கு. இருங்க, ஜெயராணிய இங்க வரச் சொல்றேன்.”

“வேணாம் சார். நான் ஏறிப் போறேன்.”

போனார். வலது கால் லேசாக இழுத்தது. படியில் ஒவ்வொன்றாக, கைப்பிடியைத் தொட்டும் தொடாமலும் ஏறினார். நான் வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். பதினெட்டுப் படி.